இரண்டாவது தடயம்

அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937ஆம் ஆண்டு அடிக்கப்பட்ட ஐந்து சென்ட் நாணயங்களில் சில, மூன்று கால் காட்டெருமையோடு வெளியே வந்தன. ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர் என்ற சிற்பி வடிவமைத்து 1913 முதல் 1938 வரை அடிக்கப்பட்ட நாணயம் அது. தலைப்பக்கத்தில் ஓர் அமெரிக்கப் பழங்குடி மனிதரின் முகம், பூப்பக்கத்தில் காட்டெருமை. பிழைபட்ட காசில் அந்த விலங்கின் வலது முன்னங்கால் இல்லை; குளம்பு மட்டும் தரையில் தனியே கிடக்கிறது. நாணயமாக வேண்டிய உலோக வில்லை இயந்திரத்துக்குள் வந்து சேராதபோது மேலச்சும் கீழச்சும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன என்றும், அந்த மோதலில் பதிந்த தழும்பைத் தேய்த்து அகற்றப்போன தொழிலாளி அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டதால் அச்சிலிருந்த கால் மறைந்துபோனது என்றும் பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. அதே ஆண்டில் அதே ஊரில் அடித்த நான்கு கால் எருமை நாணயம் புழங்கித் தேய்ந்த நிலையில் சில டாலருக்குக் கிடைக்கும். மூன்று கால் எருமைக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க வேண்டும். இந்த இடைவெளிதான் அரத்தைக் கையில் எடுக்கச் சிலரைத் தூண்டுகிறது. நான்கு கால் எருமையின் ஒரு காலைச் சுரண்டி எடுப்பது அரை மணி நேர வேலை.

ஆனால் விவரம் அறிந்தவர் இந்த நாணயத்தை வாங்கும்போது முதலில் பார்ப்பது இல்லாத காலை அல்ல. எருமையின் வயிற்றுக்குக் கீழே தரையை நோக்கி இறங்கும் சிறு புள்ளிகளின் வரிசையைத்தான் அவர் தேடுகிறார். அசல் நாணயத்தில் அந்தப் புள்ளிகள் மேடாக நிற்கும். அச்சின் பரப்பில் ஏற்பட்ட சிறு குழிகள் ஒவ்வொரு அடியிலும் உலோகத்தை உள்வாங்கி எழுப்பிய மேடுகள் அவை. அரத்தால் ஒரு காலை நீக்கிவிடலாம். இல்லாத இடத்தில் புள்ளிகளை முளைக்க வைக்க முடியாது. இந்த அத்தியாயத்தின் வாதம் முழுவதும் அந்தப் புள்ளிகளில் அடங்கியிருக்கிறது. நாணயச்சாலையில் உண்டான பிழை ஒருபோதும் தனியாக வருவதில்லை. அதை உண்டாக்கிய இயந்திரச் சம்பவம், கண்ணைப் பறிக்கும் குறையோடு சேர்த்து வேறோர் இடத்தில் இரண்டாவது தடயம் ஒன்றையும் விட்டுச்செல்கிறது. பிழை நாணயத்தை அடையாளம் காண்பது என்றால் அந்த இரண்டாவது தடயத்தைக் கண்டுபிடிப்பதுதான். அதற்கு விலை சொல்வதும் பெருமளவுக்கு அதையே நம்பி நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நாணயம் உருவாகும் வரிசை தெரிய வேண்டும். உருளைகளுக்கு இடையே தட்டையாக்கிய உலோகப் பட்டையிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றைச் சூடாக்கி இளக்கமாக்குகிறார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையும் குறுகிக்கொண்டே போகும் ஓர் இடுக்கின் வழியே உருட்டப்படும்போது அதன் ஓரம் நெருக்கப்பட்டு லேசாக மேலெழும்புகிறது. நாணயத்தின் விளிம்புத் திட்டுக்கு அதுவே அடித்தளம். கடைசியாக வில்லை ஒரு வளையத்துக்குள் வந்து அமர்கிறது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, ஒரே அடி. பல்லாயிரம் கிலோ அழுத்தத்தில் உலோகம் கூழைப்போல நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. பக்கவாட்டில் மேலும் விரிந்துவிடாமல் வளையம் தடுக்கிறது. அந்த அச்சுகளும் தாமாகப் பிறந்தவை அல்ல. நாணயத்தைப் போலவே மேடான உருவம் தாங்கிய தாய் அச்சு ஒன்றை எஃகுத் துண்டில் அழுத்தி, உருவம் பள்ளமாக விழுந்த வேலை அச்சைப் பெறுகிறார்கள்.

இந்த வரிசையில் ஒரு விதி இருக்கிறது. அச்சில் பள்ளம் என்றால் நாணயத்தில் மேடு. அச்சில் மேடு என்றால் நாணயத்தில் பள்ளம். கொழுக்கட்டை அச்சின் உட்புறத்தில் கீறல் விழுந்தால் கொழுக்கட்டையின் மேல் அது கோடாக எழும்பித் தெரியும் அல்லவா, அதே கணக்குத்தான். அச்சு விரிசல் கண்டிருந்தால் நாணயத்தில் உயர்ந்த கோடு ஓடும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தால், உருவம் எதுவும் இல்லாத உலோகக் கட்டி ஒன்று விளிம்பை ஒட்டி உப்பி நிற்கும். நாணயச்சாலையை விட்டு வெளியேறிய பிறகு நாணயத்துக்கு நேரும் கேடுகள் பெரும்பாலும் இதற்கு நேரெதிரானவை. ஆணியோ கத்தியோ சக்கரமோ உலோகத்தைக் குழிக்கும், சீவும், தள்ளும். புதிதாக எதையும் சேர்க்காது. தள்ளப்பட்ட உலோகமும் கீறலின் இரு கரையிலும் வரப்பாக ஒதுங்கி நிற்கும். ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் விளக்கொளியும் இருந்தால் போதும். மேடா, பள்ளமா என்ற இந்த ஒரே கேள்வியால் ‘அரிய பிழை நாணயம்’ என்று கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம்.

மீதமுள்ளவற்றில் எனக்கு மிகவும் அழகாகப் படுவது பிறைக்குறை நாணயம். வில்லை வெட்டும்போது உலோகப் பட்டை போதிய அளவு முன்னே நகராமல் நின்றுவிட்டால், அடுத்த வெட்டு முந்தைய வெட்டின் ஓட்டைமேல் சற்றே ஏறி விழும். வில்லையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி இல்லாமல் போகும். வீட்டிலும் இதைச் செய்துவிடலாம், பட்டறைக் கத்தரி போதும். ஆனால் அசல் பிறைக்குறை நாணயத்தில் குறைக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். அங்கே திட்டு மங்கியிருக்கும், சில நாணயங்களில் அடியோடு இராது. காரணம் மிக எளிது. விளிம்பை எழுப்பும் இடுக்கின் வழியே வில்லை உருளும்போது, எதிரெதிரான இரண்டு புள்ளிகள் ஒரே நேரத்தில் நெருக்கப்படுகின்றன. குறைபட்ட பகுதி இடுக்குக்கு வரும் கணத்தில் அங்கே நெருக்குவதற்கு உலோகமே இல்லை. ஆகவே எதிர்ப்புறத்துக்கும் நெருக்கம் கிடைப்பதில்லை. எழும்பாமல் போன அந்த ஓரம் பின்னர் அச்சின் அடியிலும் முழுமை பெறுவதில்லை. சேகரிப்பாளர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். எல்லா அசல்களிலும் இது ஒரே அளவில் தெரிவதில்லை என்பதால் இல்லாமை மட்டும் போலிக்குச் சான்றாகாது. அதற்குத் துணையாக இன்னொன்றைப் பார்க்கலாம். குறையை ஒட்டிய எழுத்துகள் அசலில் அந்த வெற்றிடத்தை நோக்கி இழுபட்டு மெலிந்து கிடக்கும், தடுப்பு இல்லாத பக்கம் உலோகம் ஓடியதால். கத்தரி வெட்டியதில் எழுத்து முழு உயரத்தோடு வந்து திடீரென்று அறுந்து நிற்கும்.

இரட்டை எழுத்து நாணயங்களில் குழப்பம் இன்னும் அதிகம். ஏனெனில் இரட்டிப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. புகழ்பெற்றது 1955இல் ஃபிலடெல்ஃபியாவில் அடித்த ஒரு சென்ட். அக்காலத்தில் தாய் அச்சை ஒரே அழுத்தில் பதிக்க முடியாது, எஃகு இறுகிவிடும். இடையில் அதைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாவது முறை பொருத்தும்போது தாய் அச்சு சில பாகை திரும்பியிருந்ததால் வேலை அச்சிலேயே எல்லா எழுத்துகளும் ஆண்டு எண்ணும் இரண்டிரண்டாகப் பதிந்துவிட்டன. இங்கே சரிபார்க்க வேண்டியவை பல. விலகல் முழுவதும் ஒரே சுழற்சித் திசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் வழக்கமான அகலத்தைவிட அகன்று, இரண்டு உருவங்களும் உருண்ட முழு உயரத்தோடு, முனைகள் கவைபோலப் பிளந்து நிற்க வேண்டும். தலைப்பக்க அச்சு மட்டுமே பிழைபட்டது என்பதால் பூப்பக்கம் இயல்பாக இருக்க வேண்டும். அந்தப் பூப்பக்கத்திலும் ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தருகே அந்த அச்சுக்கே உரிய மெல்லிய மெருகுக் கீறல் தெரிய வேண்டும். மற்றொரு வகை இரட்டிப்பு, அடித்த கணத்தில் தளர்ந்த அச்சு துள்ளி நாணயத்தை உரசிச் செல்வதால் வருவது. அதில் எழுத்து அகலாது. இருக்கும் எழுத்தின் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையான படிபோல ஆகும். உலோகத்தைக் கணக்குப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்: முதல் வகையில் எழுத்துக்கு உலோகம் கூடியிருக்கிறது, இரண்டாவதில் அதே உலோகம் இடம் பெயர்ந்திருக்கிறது. மூன்றாவதாக, தேய்ந்துபோன அச்சால் வரும் மங்கிய இரட்டிப்பும் உண்டு. அதே 1955ஆம் ஆண்டு சென்ட்டில் கடைசி 5 மட்டும் இரட்டித்துத் தெரியும் நாணயங்கள் ஏராளம். அவை இந்த மூன்றாம் வகை. அவற்றின் விலை அற்பம். ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, பார்வைக்கு ஒரே மாதிரிக் குறை. ஆயிரம் டாலருக்கு மேல் போகும் ஒன்றையும் அற்ப விலை பெறும் மற்றொன்றையும் பிரிப்பது காரணம் மட்டுமே.

உலோகம் மாறிப்போன நாணயத்தில் இரண்டாவது தடயம் தராசில் இருக்கிறது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில தொட்டிகளின் இடுக்குகளில் தங்கியிருந்து புதிய வில்லைகளோடு கலந்து அச்சுக்குள் போயின. அப்படிப் பிறந்த வெண்கலச் சென்ட்டுகளில் இன்று அறியப்பட்டவை மிகச் சில. டென்வரில் அடித்த ஒன்று 2010இல் 17 லட்சம் டாலருக்கு விற்றதாகச் செய்தி வந்தது. 2019இல் வேறொன்று ஏலத்தில் 2,04,000 டாலர் பெற்றது. எஃகுச் சென்ட்டின்மேல் செம்பு முலாம் பூசிய போலிகள் ஊரெங்கும் உண்டு. காந்தத்தில் அவை ஒட்டிக்கொள்ளும், எடை 2.7 கிராம் அருகே நிற்கும். அசல் ஒட்டாது, 3.11 கிராம் இருக்கும். இதையும் தாண்ட நினைப்பவர் 1948ஆம் ஆண்டு வெண்கல நாணயத்தில் 8ஐச் செதுக்கி 3 ஆக்குகிறார். ஆனால் 1943இன் 3, வால் கீழே நீண்டிறங்கும் 3. எட்டிலிருந்து அந்த வால் கிடைக்காது. காந்தச் சோதனையை நம் ஊர் நாணயங்களுக்குப் பயன்படுத்துவோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 1950இன் ஒரு ரூபாய் நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டும். அதன்பின் வந்த செம்புநிக்கல் ஒட்டாது. பிற்கால ஃபெரிடிக் துருப்பிடிக்காத எஃகு மறுபடியும் ஒட்டும். எந்த ஆண்டுக்கு எந்த உலோகம் என்ற பட்டியல் கையில் இல்லாமல் காந்தம் எதையும் நிரூபிக்காது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழுவது நியாயம். இரண்டாவது தடயம் என்ன என்று நூல்களில் எழுதிவிட்ட பிறகு போலி செய்பவரும் அதைப் படிக்க மாட்டாரா? படிப்பார், படித்துக்கொண்டும் இருக்கிறார். மூன்று கால் எருமைக்கும் 1955 சென்ட்டுக்கும் அசல் நாணயத்தை மாதிரியாக வைத்து அச்சு தயாரித்து அடித்த போலிகள் உண்டு. அவற்றில் வயிற்றுக்குக் கீழே புள்ளிகளும் இருக்கும், மெருகுக் கீறலும் இருக்கும். ஆனாலும் வாதம் சரிந்துவிடவில்லை, இன்னும் ஓர் அடி உள்ளே போகிறது. மாதிரியாக எடுத்த அசல் நாணயம் புழக்கத்தில் பட்ட தற்செயலான காயங்களையும் சேர்த்தே போலி அச்சு நகலெடுக்கிறது. அந்த அச்சில் அடித்த எல்லாப் போலிகளிலும் அதே இடத்தில் அதே வடிவில் அதே சிறு வடு இருக்கும். இரண்டு நாணயங்கள் தனித்தனியே மக்கள் பைகளில் உருண்டு ஒரே வடுவை ஒரே இடத்தில் பெறுவது நடக்காத காரியம். போலியை அசலாக்க முயன்ற வேலையே போலிக்கான சாட்சியாகிவிடுகிறது. ஆகவே இந்த முறை ஒற்றை அடையாளத்தை மனப்பாடம் செய்துகொள்வதல்ல. இந்தக் குறை எப்படி உண்டாகியிருக்க வேண்டும் என்று ஒரு கதையை ஊகித்து, அந்தக் கதை உண்மையானால் வேறெங்கே என்ன தெரிய வேண்டும் என்று கணித்து, அங்கே போய்ப் பார்ப்பது. அறிவியலில் கருதுகோளைச் சோதிக்கும் வழி இதுதான்.

இதைவிட ஆழமான எதிர்வாதம் ஒன்று உண்டு. இவையெல்லாம் இயந்திரத்தில் அடித்த நாணயங்களுக்குப் பொருந்தும். சுத்தியலால் அடித்த பழங்காசுகளில் ஒன்றாவது சரியாக இருக்கிறதா, அங்கே எதைப் பிழை என்பது? முகலாய ரூபாயில் அச்சு வில்லையைவிடப் பெரியது. எழுத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடுவதுதான் அங்கே இயல்பு. நாயக்கர் காலத்துச் செப்புக் காசுகளில் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடப்பது சர்வ சாதாரணம். இவற்றை ‘மையம் தவறிய பிழை’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர், வாங்குபவருக்கு வரலாறு தெரியாது என்று நம்புகிறார். பர்மிங்காம் அருகே சோஹோவில் மாத்யூ போல்ட்டன் நீராவி இயந்திரங்களால் நாணயம் அடிக்கத் தொடங்கி, வளையத்துக்குள் ஒரே அளவான வட்டங்களைக் கொடுத்த பிறகுதான் மையம் தவறுவது பிழை என்ற பெயருக்கே உரியதாகிறது. அந்தச் சோஹோவில்தான் 1803இலும் 1808இலும் சென்னை மாகாணத்துக்கான 10 காசு, 20 காசு நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மீட்கப்பட்ட அந்தக் காசுகளில் பல, கடல் அரித்த முகத்தோடு இன்று சந்தையில் கிடைக்கின்றன. எழுத்து மறைந்த இடங்கள் அவற்றில் உண்டு, ஆனால் அதற்கும் இயந்திரத்துக்கும் தொடர்பில்லை.

பிழை என்பது எப்போதும் ஒரு நெறியிலிருந்து விலகுவது. எந்த நெறி என்று தெரியாமல் விலகலைக் காண முடியாது. தற்கால நாணயங்களிலும் இதே தவறு நடக்கிறது. அமெரிக்க நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். அங்கே அதுவே முறை. இரு பக்கமும் நேராக நிற்கும் இந்திய நாணயத்துக்குப் பழகிய கண் அதைப் பார்த்துப் பிழை என்று துள்ளுகிறது. மும்பை நாணயத்தில் வைரக்குறி, ஐதராபாத்தில் நட்சத்திரம், நொய்டாவில் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. ஆண்டுக்குக் கீழே குறியில்லாத காசைக் ‘குறி விடுபட்ட அபூர்வம்’ என்று விற்பது கொல்கத்தாவின் சாதாரணக் காசை விற்பதே. 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அதற்குச் சேகரிப்பு மதிப்பு உண்டு. ஆனால் இயந்திரம் செதுக்கியவரின் உருவத்தை உண்மையாகவே பதித்தது, பிழை வடிவமைப்பில்.

கையால் அடித்த காலத்திலும் உண்மையான பிழைகள் உண்டு, அவற்றுக்கும் இரண்டாவது தடயம் உண்டு என்பதை ரோமானியக் காசுகள் காட்டுகின்றன. கொங்கு நாட்டு மண்ணில் குவியலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் பதிந்த முறை இது: பேரரசரின் தலை செதுக்கிய அச்சு கீழே பட்டடையில் நிலையாக இருக்கும், பூப்பக்க அச்சைக் கையில் பிடித்து மேலே வைத்து அடிப்பார்கள். எப்போதாவது அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லையை வைத்து அடித்தால் அதன் கீழ்ப்பக்கத்தில் தலை இயல்பாக மேடாக விழும். மேற்பக்கத்தில், ஒட்டியிருக்கும் காசின் தலை இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். இத்தகைய ரோமானியப் பிழைகளில் பெரும்பாலானவை தலையையே இருபுறமும் கொண்டவை. ஏன் பூப்பக்கம் இருபுறமும் வருவது அரிது? கீழச்சில் ஒட்டிய காசு வேலை செய்பவரின் கண்முன்னே கிடக்கும், எடுத்துவிடுவார்; மேலச்சின் அடியில் ஒட்டியது கண்ணுக்குப் படாது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எந்த அச்சு மேலே இருந்தது, எங்கே பார்வை போகவில்லை என்பதை இந்தப் பிழைகளின் எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது. முழுமையாக அடித்த ஆயிரம் காசுகள் இதைச் சொல்வதில்லை. இதே வகைப் பிழையை இன்று இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெருக்கிப் போலியாகச் செய்கிறார்கள். அதில் இடவலம் மாறிய பள்ளத்துக்கு அடியில் அந்தக் காசின் சொந்த உருவம் நசுங்கியபடி எஞ்சியிருக்கும். அசலில் அந்தப் பக்கத்துக்கு என்று சொந்த உருவம் பதியவே வாய்ப்பு இருந்ததில்லை.

‘அப்படியானால் நாணயச்சாலைக்கு வெளியே நேர்ந்தது எல்லாம் பயனற்றதா?’ என்று கேட்டால், இல்லை என்பதே பதில். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளி வெட்டு இருக்கிறது. தற்செயலான காயம் என்றால் இருபக்கமும் கலந்து விழுந்திருக்கும். தேர்ந்து தலையிலேயே விழுந்திருப்பது கருதிச் செய்த செயலுக்கு அடையாளம். நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகளில் பாதிக்கு மேல், நகபானனின் உருவத்தின்மீது கௌதமிபுத்திர சாதகர்ணியின் முத்திரையைத் தாங்கியவை. ஒரே காசில் இரண்டு அரசர்கள் என்பதால் அதுவும் பிழை ஆகாது. யாரை யார் வென்றார் என்பதற்கு அது ஆவணம். எது மேலே, எது கீழே என்று படிக்கும் அதே கண்தான் இங்கேயும் வேலை செய்கிறது. வரலாற்றாசிரியருக்கு இவை விலைமதிப்பற்றவை. ஆனால் இவற்றைப் பிழை நாணயம் என்ற பெயரில் விலை பேசுவது இரண்டு துறைகளையும் குழப்புவதாகும்.

இனி விலை. ‘உலகில் இது ஒன்றுதான் இருக்கிறது, அதனால் விலை கோடி’ என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. சான்றுகள் இதற்கு எதிராக நிற்கின்றன. அமெரிக்காவின் அண்மைக்கால ஒரு சென்ட்டில் மையம் தவறி அடிபட்ட ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. அதே கோணம், அதே அளவில் இன்னொன்று இராது. அதற்குச் சில டாலர்தான் கிடைக்கும். 1955இன் இரட்டை எழுத்துச் சென்ட்டோ, இருபதாயிரத்துக்கு மேல் புழக்கத்துக்கு வந்ததாக மதிப்பிடப்படுகிறது. பிழை தெரிந்தபோது அவை நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டிருந்ததால், மொத்தத்தையும் உருக்குவதைவிட வெளியே விடுவதே மேல் என்று அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். தேய்ந்த நிலையிலும் அது ஆயிரம் டாலரைத் தாண்டும். ஒரே ஒன்று மலிவாகவும் இருபதாயிரம் இருப்பது அதிக விலையாகவும் இருப்பது எப்படி? அச்சில் நேர்ந்த பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் கையிலிருப்பதை மற்றொருவர் கையிலிருப்பதோடு ஒப்பிடலாம், அடையாளங்களை எழுதி வைக்கலாம், விலைப்பட்டியல் நூலில் அதற்கு ஓர் இடம் கிடைக்கும், சேகரிப்பாளர் தன் தொகுப்பில் அதற்கென ஒரு குழி ஒதுக்குவார். ஒற்றை அடியில் நேர்ந்த பிழைக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதை அதன் வகையோடு சேர்த்தே மதிப்பிடுவார்கள்: எவ்வளவு விலகல், ஆண்டு எண் முழுமையாகத் தெரிகிறதா, எந்த நாணயத்தில். பாதி விலகியும் ஆண்டு தெரியும் காசுக்கு, ஆண்டு வெளியே போய்விட்ட காசைவிட விலை கூடும். அது எந்த ஆண்டின் எந்த நெறியிலிருந்து விலகியது என்று நிறுவ முடிகிறது என்பதே காரணம்.

பிரிட்டனின் ஆண்டில்லாத 20 பென்ஸ் இதற்குச் சிறிய அளவிலான சான்று. 2008இல் வடிவமைப்பை மாற்றியபோது ஆண்டு எண் பூப்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு இடம் மாறியது. பழைய தலைப்பக்க அச்சைப் புதிய பூப்பக்க அச்சோடு இணைத்து அடித்துவிட்டதால் இரு பக்கத்திலும் ஆண்டு இல்லை. 50,000 முதல் 2 லட்சம் வரை வெளிவந்திருக்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஆயிரக்கணக்கில் விலை கேட்டார்கள். பின்னர் அது ஐம்பது, நூறு பவுண்டு அளவில் நிலைபெற்றது. கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. ஒரு நாணயத்தின் மதிப்பை அறிய விரும்புபவர் பார்க்க வேண்டியது முடிந்த ஏலங்களின் தொகைகளை. விளம்பரத்தில் கேட்கப்படும் தொகைக்கு எந்தச் சான்று மதிப்பும் இல்லை.

இந்த விலையெல்லாம் வெறும் மோகம்தானே, அடிப்படை எதுவும் கிடையாதே என்று சொல்பவர்கள் உண்டு. மோகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே நிலைக்கிறது, எங்கே கரைகிறது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காரணம் நிறுவப்பட்ட பிழைகள் பல பத்தாண்டுகளாக விலையைத் தக்கவைத்திருக்கின்றன. காரணம் சொல்ல முடியாத ‘விசித்திரங்கள்’ ஒருமுறை விற்று மறைந்துவிடுகின்றன. நம் நாட்டில் வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டின் 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வந்த விளம்பரங்கள் கடைசி வகையிலும் சேராதவை; அவற்றில் பிழையும் இல்லை, அருமையும் இல்லை. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கித் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் வரியும் வசூலிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்கும் எந்த வாங்குபவரும் நாணயத்தை வாங்க வந்தவர் அல்லர்.

வீட்டுப் பெட்டியில் பிழை நாணயம் போன்ற ஒன்று கிடைத்து, அது மேலே சொன்ன சோதனைகளைக் கடந்தும் நிற்கிறது என்றால், முதலில் செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: புளி, எலுமிச்சை, பற்பசை, பாத்திரம் துலக்கும் தூள், எதுவும் அதன்மேல் படக் கூடாது. பளபளப்புக் குறைந்தால் விலை குறையும் என்ற எண்ணத்தில் நல்ல நாணயங்களைத் துலக்கிக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அடிபட்ட கணத்தில் உலோகம் மையத்திலிருந்து ஓரத்துக்கு ஓடியதன் நுண்ணிய கோடுகள் நாணயத்தின் பரப்பில் இருக்கின்றன. நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும்போது ஆரக்கால்போல ஒளி நகர்வது அவற்றால்தான். பிறைக்குறையை ஒட்டி உலோகம் எந்தப் பக்கம் இழுபட்டது, இரட்டை எழுத்தின் இடுக்கில் பிளவு உண்டா, எருமையின் வயிற்றடிப் புள்ளிகள் அச்சு எழுப்பியவையா என்பதற்கெல்லாம் சாட்சி அந்தப் பரப்புத்தான். ஒருமுறை தேய்த்தால் போதும், அந்தக் கோடுகள் போய்விடும். குறை அப்படியே இருக்கும்; அது எங்கே பிறந்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.